பால்கனித் தொட்டியின் புளிப்பு

எங்கள் வீட்டுக் கீரைக்கு மண் கிடையாது. மும்பை செம்பூரில் நாலாவது மாடி. பால்கனி என்று பெயர்தான், ஒரு கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது. அதில் சுவரோரமாக வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, குழாய் நெடுக வட்ட வட்டமாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஓட்டைக் கப்பை வைத்து, கப்புக்குள் தென்னை நாரில் நாற்றை நட்டிருந்தாள் என் மருமகள். கீழே மூடி போட்ட ஒரு நீலத் தொட்டி. மீன் தொட்டியில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன மோட்டார் அதிலிருக்கும் சத்துத் தண்ணீரை மேல் குழாய்க்கு ஏற்றும். தண்ணீர் வேர்களை நனைத்துக்கொண்டே ஒவ்வொரு குழாயாக இறங்கி மறுபடி தொட்டிக்கே வந்துவிடும். நாள் முழுக்க அதற்கு அதுதான் வேலை. யாரோ பக்கத்து அறையில் மெல்ல வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம்.

அந்தக் குழாய்களுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அது என் இடம். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் அங்கே போய்விடுவேன். டீயா காபியா என்று கேட்டால் ‘எது இருக்கோ அது’ என்று சொல்லிச் சொல்லியே வயதாகிப்போனவள் நான். வந்தவர்கள் எங்கே என்னிடம் சுகம் விசாரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். பதில் சொல்லவேண்டுமே. பால்கனியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கீரைக்கும் பேச வராது, எனக்கும் வராது, எங்களுக்குள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்தின்மேல்தான் என் மகன் கண் வைத்தான். அவனுக்கு வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஹாலில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அந்த நாட்களில் மிக்சி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. ஒரு மூடி தேங்காய் அரைக்க அவன் ஆபீஸில் அனுமதி வாங்காத குறை. அதனால் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, மேஜை போட்டு, தனக்கு ஒரு கேபின் ஆக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்கு இடைஞ்சல் இந்தக் குழாய்கள்தான். முதல் தடவை வைத்த செடியெல்லாம் மஞ்சள் அடித்துச் செத்துப்போயிருந்தன.

“இந்த வாட்டியும் செத்துச்சுன்னா பைப்பெல்லாம் பழைய சாமான் வாங்குற கபாடிக்காரனுக்கு. கண்ணாடிக்காரன வரச் சொல்லிருவேன். பக்கா?” என்றான் பெண்டாட்டியிடம்.

“பக்கா,” என்றாள் அவளும் வீம்புக்கு.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ‘உங்க இஷ்டம்’ என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

மருமகள் காலையிலேயே ஆபீஸ் கிளம்பிவிடுகிறவள். ஆகவே தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. சொட்டு மருந்து பாட்டிலையும் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாயையும் கையில் கொடுத்துப் பாடம் நடத்தினாள்.

“அத்தே, இதுக்குப் பேரு பிஎச். தண்ணி லேசா புளிப்பா இருக்கணும். அஞ்சரைல இருந்து ஆறரைக்குள்ள. ஏழத் தாண்டிருச்சுன்னா, தண்ணில சத்து இருந்தாலும் வேர் எடுக்காது.”

“சோத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டுப் பட்டினி கெடக்குமா?”

“கரெக்ட் அத்தே! ஏக்தம் கரெக்ட்!”

புளிப்பு ஏற ஏற எண் இறங்குமாம். இது என்ன கணக்கோ, பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் வருவதற்கு முன்பே என்னை நிறுத்திவிட்டார்கள். நான் எண்ணை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டேன். குட்டிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டுக் குலுக்கினால் எலுமிச்சம்பழ மஞ்சளாக வரவேண்டும். பச்சை என்றால் எச்சரிக்கை. நீலம் என்றால் கண்ணாடிக்காரன் வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

நிறம் பச்சைக்கு மாறினால் ‘பிஎச் டவுன்’ என்ற புளிப்பு மருந்தை விடவேண்டும். நேராகத் தொட்டியில் விடக்கூடாது. ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதில் சொட்டு விட்டு, அதைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, மோட்டார் அதை எல்லாக் குழாயிலும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்த பிறகுதான் மறுபடி பார்க்கவேண்டும். பொறுக்காமல் நான் ஒருமுறை உடனே இரண்டாவது தடவையும் விட்டதில் தண்ணீர் ஆரஞ்சுக்குப் போய்விட்டது. பெரிய அண்டாவாக இருந்தால் தாங்கும். இது சின்னத் தொட்டி. குணத்தில் என் மருமகளைப் போல, ஒரு சொட்டுக்கே நிறம் மாறிவிடும்.

சொன்னபடியே செய்தேன். செடி குடித்துக் குறைந்த அளவுக்கு, முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை விட்டேன். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் மூடியைச் சரியாக மூடினேன். காலையில் எலுமிச்சை மஞ்சள். சாயங்காலம் மருமகள் வந்து பையை வைத்த கையோடு பார்த்தால் பச்சை. சில நாள் நீலம்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மருமகள் முனிசிபாலிட்டித் தண்ணீரைத் திட்டினாள். மகன் மோட்டாரைத் திட்டினான். நான் புறாவைச் சந்தேகப்பட்டேன். பிறகு, பால்கனி வாசலில் நான் போடும் கோலத்தையே சந்தேகப்பட்டேன். இங்கே கிடைக்கிற கோலமாவு பாதி கல்மாவு. சுண்ணாம்புக் கல் தண்ணீரில் விழுந்தால் புளிப்பைத் தின்றுவிடும் என்று மருமகள் போனில் படித்துச் சொல்லியிருந்தாள். அரிசி மாவுக்கு மாறினேன். எறும்பு வந்தது. பச்சை போகவில்லை.

கடைசியில் சந்தேகம் மனிதர்மேல் திரும்பியது.

“நீங்கதான் எதையோ ஊத்துறீங்க. உங்களுக்குக் கேபின் வேணும்ல?” என்றாள் மருமகள்.

“அரே, நான் ஏன் ஊத்தணும்? அது தன்னால சாவும். எனக்கு எதுக்கு அந்த மெஹ்னத், அந்தப் பாடு?” என்றான் மகன்.

பெற்ற பிள்ளைதான், ஆனாலும் எனக்கும் சந்தேகம் இருந்தது. அவன் போன் பேச பால்கனிக்குப் போனால் நானும் துண்டு காயப்போடும் சாக்கில் பின்னாலேயே போவேன். ஒரே துண்டு.

“அம்மா, அந்தத் துண்டு அப்பளமாயிருச்சு, விடும்மா,” என்றான் ஒருநாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தினமும் மத்தியானம் என் சம்பந்தி வருவாள், மருமகளைப் பெற்றவள். தாராவியில் கடைக்கு மேலே வீடு. ஏணி மாதிரி இரும்புப் படி. முழங்கால் வலிக்காரி அதில் ஒருநாளைக்குப் பலமுறை ஏறி இறங்க முடியாது என்று, காலையில் ஒரேயடியாக இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டுக்கு வந்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் போவாள். அவள் லிப்டில் ஏறும்போது பேச ஆரம்பித்தால் நாலாவது மாடி வருவதற்குள் நான் தட்டு வைத்துவிடலாம், அவ்வளவு கணீரென்ற தொண்டை. சாப்பிட்டதும் “கொஞ்சம் காத்து வாங்குதேன் மைனி” என்று என் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் எழுந்து உள்ளே வந்துவிடுவேன்.

அவளுக்கு ஒரே ஒரு துக்கம்தான். வாயெல்லாம் வெந்து புண்ணாகிப்போனதால் வெற்றிலை கூடாது, சுண்ணாம்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். லீவு நாளில் தாய் வந்தால், மாலில் காவல்காரர் பார்ப்பதுபோல் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பாள். தாராவி வீட்டிலும் போட முடியாது. அந்தச் சந்தில் அவள் தும்மினால்கூட மகளுக்குப் போன் போய்விடும்.

டோம்பிவிலியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்று சம்பந்தி போய்ச் சில நாள் தங்கிவிட்டாள். அந்த நாட்களில் தண்ணீர் காலையில் வைத்த மஞ்சளிலேயே சாயங்காலமும் நின்றது. மருமகள் குதித்தாள். மோட்டாரைக் கழுவியது நான்தான் என்று மகன் மார்தட்டினான், கேபின் போய்விடுமே என்ற ஞாபகம் இல்லாமல். சம்பந்தி திரும்பி வந்த அன்று சாயங்காலம் நீலம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவ்வளவு பேசுகிறவள், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பேசுவதில்லை. யார் எது கேட்டாலும் பால்கனியிலிருந்து “ம்” என்பாள். அப்புறம் குளியலறைக்குப் போய் நெடுநேரம் வாய் கொப்பளிப்பாள். நான் உறங்குகிறேன் என்று மரியாதைக்குப் பேசாமல் இருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

மறுநாள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேலைக்குள்ளிருந்து ஒரு குட்டி டப்பி வந்தது. வெற்றிலையின் நரம்பைக் கிள்ளினாள், ஆள்காட்டி விரலில் தாராளமாகச் சுண்ணாம்பை எடுத்துத் தடவினாள், பாக்கை வைத்து மடித்துக் கன்னத்தில் ஒதுக்கினாள். விரலில் மிச்சம் இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் அதைச் சுவரிலோ தூணிலோ ஒரு இழுப்பு இழுத்திருப்பாள். இங்கே புதுப் பெயிண்ட் அடித்த சுவர், மகளுக்குப் பருந்துக் கண். ஆகவே சம்பந்தி குனிந்து, கீரைத் தொட்டியின் மூடியைத் தூக்கி, விரலை உள்ளே விட்டு, பாத்திரம் அலசுவதுபோல் நன்றாக அலசி, இரண்டு உதறு உதறி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்ன சுத்தம்!

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். மருமகளிடம் சொன்னால் என் இடம் தப்பிக்கும். ஆனால் தாயும் மகளும் போடுகிற சண்டையை மாடி மாடியாகக் கேட்பார்கள். அதற்கு நான் காரணம் என்று ஆகும். சம்பந்தியிடமே சொல்லலாம் என்றால், ‘நீங்க வெத்தல போடுறதப் பாத்தேன்’ என்று ஒரு பெரிய மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது?

ஆகவே வாயைத் திறக்காமல் ஆன வழியைப் பார்த்தேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், விரலை அதில் அலசட்டும் என்று.

“மைனி, புறாவுக்கா தண்ணி வச்சிய? அது வந்து எச்சம் போட்டு நாசம் பண்ணிரும். நான் எடுத்துத் தொட்டில ஊத்திட்டேன்,” என்று சத்தம் வந்தது. போதாததற்கு விரலையும் அதிலேயே அலசியிருந்தாள்.

அடுத்த நாள் இஞ்சி இடிக்கிற கல் உரலைத் தூக்கி மூடிமேல் வைத்தேன். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவள் அதை ஒற்றைக் கையால் நகர்த்திவிட்டாள். வலி முழங்காலில்தான், கையில் ஒன்றும் குறையில்லை.

அதற்குள் செடியில் தெரிய ஆரம்பித்துவிட்டது. புதிதாக வரும் இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளுத்தும் வந்தன. மகன் அதைப் பார்த்தான், போனை எடுத்தான். ஒரு மத்தியானம் கண்ணாடிக்காரர் அளவு நாடாவோடு வந்து நின்றார். மருமகள் ஆபீஸில் இருந்தாள்.

சம்பந்தி அப்போதுதான் கன்னத்தில் ஒதுக்கி முடித்திருந்தாள். தலைக்கு மேலே நாடாவை இழுத்து அளக்கிறார்கள், அவள் ஸ்டூலில் சிலைபோல் இருக்கிறாள்.

“என்னத்தே, இங்க ஒரு கேபின் போட்டா ஜோரா இருக்கும்ல?” என்றான் மகன்.

அவள் வாயைத் திறக்க முடியாது. “ம்ம்,” என்றாள்.

“பாத்தியாம்மா! அத்தையே ஓக்கே சொல்லிட்டாங்க.”

“மாஜி ஹான் போல் தியா, அப் க்யா!” என்று, அம்மாவே சரி சொன்னபிறகு இனி என்ன என்பதாக, கண்ணாடிக்காரரும் சந்தோஷப்பட்டார்.

நானும் அங்கேதான் நின்றேன். ஒருத்திக்கு வாய் நிறைய வெற்றிலை, இன்னொருத்திக்கு வாய் நிறைய வெட்கம். வீட்டுக்குப் பெரிய மனுஷிகள் இரண்டு பேர் இருந்தும், ஒரு சொல் மறுத்துப் பேச ஆளில்லை.

கண்ணாடியை எந்த வழியாக மேலே ஏற்றுவது என்று பார்க்க அவர்கள் இருவரும் கீழே போனார்கள். லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்டூலருகே போனேன்.

“மைனி,” என்றேன்.

“ம்?”

“இத அடச்சிட்டா, நீங்க வெத்தல எங்க வச்சிப் போடுவிய?”

ஒரே விழுங்கு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் ஒட்டுமொத்தமாக உள்ளே போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எந்த வெத்தல?” என்றாள், சிவந்த உதட்டோடு.

“இப்ப முழுங்குனது.”

அவள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“அவகிட்டச் சொல்லிட்டியளா?”

“இல்ல. ஆனா நீங்க விரல அலசுதியள்லா, அந்தச் சுண்ணாம்புலதான் கீர சாவுது. தண்ணியில புளிப்பு இருந்தாத்தான் அது திங்கும். கீர செத்தா கேபின்.”

சம்பந்தி தன் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தாள், யாரோ அன்னியர் விரலைப் பார்ப்பதுபோல்.

“அட பாவத்த! இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லப்படாதா? கிண்ணத்த வச்சா, கல்ல வச்சா மனுஷிக்கு எப்படிப் புரியும்?”

“சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“வெத்தல போட்டது நானு. வெக்கம் உங்களுக்கா?”

மகன் மேலே வந்தபோது அவள் கொப்பளித்து, முகம் கழுவி, நடு ஹாலில் நின்றாள்.

“மாப்ளே, அந்தக் கண்ணாடிக்குள்ள சாயங்கால வெயில் நேரா அடிக்கும். உள்ள உக்காந்தியன்னா இட்லியா வெந்துருவிய. கேபினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“நீங்கதானத்தே ‘ம்ம்’னீங்க?”

“அது இருமலு.”

மாமியாரை எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை அவன். கண்ணாடிக்காரர் நாடாவைச் சுருட்டினார். ஆனாலும் மகன் விடவில்லை. “பக்கான்னா பக்காதான். செடி பொழைக்கலன்னா அவரத் திரும்பக் கூப்பிடுவேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் அறைக்குள் போனான்.

அன்றைக்கே தொட்டியைக் காலி செய்தோம். சம்பந்தி பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். நான் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பிடித்து வைத்திருந்த தண்ணீரை விட்டு, முதலில் சத்து மருந்தைக் கலக்கி, அப்புறம் புளிப்பைச் சொட்டுச் சொட்டாக வைத்தேன். கலக்கினேன், காத்திருந்தேன், பார்த்தேன், மறுபடி காத்திருந்தேன். “இவ்வளவு பொறுமையா எங்க வீட்ல குழந்தைக்குக்கூட யாரும் மருந்து குடுத்ததில்ல,” என்றாள் அவள். குட்டிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். எலுமிச்சம்பழம்.

அதற்குப் பிறகு வெற்றிலை நின்றதா என்றால், இல்லை. நிறுத்தச் சொல்ல நான் யார்? சுண்ணாம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். குறைத்தாள். விரலைத் துடைக்க வீட்டிலிருந்தே ஒரு பழந்துணியை நனைத்து எடுத்துவந்தாள். தண்ணீரின் நிறம் நின்றது. லேசாக ஏறும், லேசாக இறங்கும், ஆனால் மஞ்சளைத் தாண்டாது. சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மருந்தைத் தூக்கக்கூடாது என்பது எனக்கும் பழகிப்போனது. வெளுத்துப்போன இலைகள் வெளுப்பாகவே நின்றன. அவற்றுக்கு நடுவிலிருந்து வந்த குருத்து நல்ல பச்சையாக வந்தது.

பிஎச் பார்க்கத் தான் ஒரு புது மீட்டர் வாங்கியதால்தான் சரியாயிற்று என்றாள் மருமகள். மோட்டாரை மறுபடி கழுவியதால்தான் என்றான் மகன். இரண்டு பேருக்கும் “ஆமா” என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் இலையை வெட்டி, எலுமிச்சையும் மிளகும் போட்டுத் தட்டில் வைத்தாள். எல்லோரும் மென்றோம். “ஆடு திங்கும்,” என்றாள் சம்பந்தி. மகன் இன்னொரு இலையை எடுத்து மென்றான். அடுத்த வாரம் அவன் மேஜை படுக்கையறை ஜன்னலோரம் போயிற்று. அங்கே கதவைச் சாத்தினால் மிக்சி கேட்பதில்லை. நான் தினமும் தேங்காய் அரைக்கிறேன், தேவை இல்லாவிட்டாலும்.

இப்போது பால்கனியில் இரண்டு ஸ்டூல். நடுவே கால் நீட்ட இடமில்லை. அவள் மென்றுகொண்டிருக்கும் நேரம் முழுக்கப் பேச்சு இல்லை என்பதால் எனக்கும் அது வசதிதான். ஒரு தொல்லை என்னவென்றால், பால்கனியிலிருந்து குளியலறைக்குப் போக ஹாலைத் தாண்டவேண்டும். போன வாரம் மருமகளுக்கு ஆபீஸில் தலைவலி, பாதி நாளிலேயே வந்துவிட்டாள். கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும் சம்பந்தி குளியலறைக்குள் பாய்ந்தாள். நான் வாசலுக்குப் பாய்ந்தேன்.

“வாம்மா. இன்னிக்குத் தண்ணி நல்ல மஞ்சளு. காலையில கொஞ்சம் ஏறிச்சு, நான் மருந்து விடல, தன்னால எறங்கிருச்சு. உங்க ஆபீஸ்ல ஏசி ரொம்பக் குளுருமோ? பஸ்ஸுல வந்தியா, ஆட்டோல வந்தியா?”

ஒரு கால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவள் என்னையே பார்த்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை.

“அத்தே, உங்களுக்கு உடம்பு சரியாத்தான இருக்கு?”

உள்ளே கொப்பளிக்கும் சத்தம் இன்னும் நிற்கவில்லை. நான் நிலைப்படியில் நன்றாகக் குறுக்கே நின்றுகொண்டு, மழை வருமா என்று கேட்டேன்.